ஒரு தரம் கூப்பிட்ட பேர்

காளியாயி செத்த பிறகு அவளுடைய தேயிலை நிரையில் யாரும் கொழுந்து எடுக்கவில்லை. ஆனால் அந்த நிரையிலிருந்து கொழுந்து கிள்ளும் சத்தம் அம்மாக்கண்ணுவுக்குக் கேட்டது.

அக்கரப்பத்தனைக்கு மேலே, நாலாம் நம்பர் மலையின் விளிம்பு நிரை அது. அதை ஒட்டிப் பள்ளம். பள்ளத்தின் அடியில் பாறையும் ஓடையும். அடுத்த நிரை அம்மாக்கண்ணுவுடையது. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள் முதல் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றவர்கள்.

சத்தம் பெரிதல்ல. தண்டு நகத்தில் ஒடியும் சத்தம். பனி இறங்கினால் கேட்கும். நிமிர்ந்தால் நிற்கும். குனிந்தால் மறுபடி கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் தொடாத செடி முத்திப்போய் நிற்கும்.

அவளுடைய கூடை நிறையவில்லை. பழனியாண்டிக் கங்காணி அவளுக்கு அரைப்பேர் போடத் தொடங்கினார். பாதி நாள் வேலை செய்ததாகக் கணக்கு.

"என்னடி, பக்கத்து நிரைக்குக் காவல் நிக்கிறியா?" என்றார் ஒரு நாள்.

சத்தம் கேட்பதை அவள் சொல்லிவிட்டாள். மாலைக்குள் லயத்து வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. காளியாயி பேயாக வந்துவிட்டாள்.

அம்மாக்கண்ணுவின் புருஷன் மூக்கன் பேயோட்டக் கோடாங்கியைக் கூட்டிவந்தான். கோடாங்கி மாயாண்டி பகலில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறவன். வெள்ளிக்கிழமை மட்டும் உடுக்கை எடுப்பான். மண் காயாத காலோடு வாசலில் குந்தி உட்கார்ந்தான். வெற்றிலை கேட்டான்.

"எது வழியா வருது?"

"எதுண்ணே?"

"காது வழியாவா, மூக்கு வழியாவா, கண்ணு வழியாவா? வாசல் தெரியாம வீட்டுக்குள்ள இருக்கறவள எப்படி வெரட்டறது?"

"தெரியலையே."

"அப்பப் பாரு. வெள்ளிக்கெழம வரைக்கும் பாரு. பயந்து ஓடாத. வெரட்டவும் வெரட்டாத. மொதல்ல என்ன வருது, அதுக்குப் பொறகு என்ன வருதுன்னு சும்மா பாத்துக்கிட்டே இரு. வந்து எங்கிட்டச் சொல்லு."

மூக்கன் சிரித்தான். "இவளா? கொழம்புல உப்புப் போட்டமா இல்லையான்னே இவளுக்குத் தெரியாது."

"நீ வாய மூடு மாப்ள. தெறந்து கெடந்தா ஒன் வாய் வழியா வந்துரப் போவுது."

வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாயாண்டி உடுக்கை அடித்துப் பேயின் பேரைக் கேட்பான். சொன்னதும் பேய் பிடித்தவளின் உச்சிமயிரில் ஒரு கொத்தை அறுத்து, கோயிலுக்குப் பின்னாலிருக்கும் டர்பன்டைன் மரத்தில் வைத்து ஆணி அடிப்பான். அதன் பிறகு அந்தப் பேருக்கு உரியது மரத்தைவிட்டு எங்கும் போகாது. சாமியிடமும் போகாது. அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் ஆணி இளகும்.

அன்று இருட்டுவதற்குள் காளியாயியின் புருஷன் செல்லசாமி வந்தான். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவதானா தங்கச்சி?"

அம்மாக்கண்ணு அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"மக கேக்குது, அம்மாவ மரத்துல அடிக்கப் போறாங்களாப்பான்னு. அது வளந்து நாளைக்கு அம்மா பேரச் சொல்ல வேணாமா? நல்லாப் பாத்துட்டுச் சொல்லு. நீ சொல்றதுதான்."

அவள் பார்க்கத் தொடங்கினாள்.

நெற்றியில் கூடைக்கயிறு. இடுப்பில் சுற்றிக் கட்டிய ஈரப் படங்குச் சாக்கு. அட்டை கடித்த இடத்தில் அரிப்பு. பனி வந்தது. பனிக்கு ஈரக் கரியின் மணம் இருந்தது. சத்தம் கேட்டது. அவள் நிமிரவில்லை. சத்தம் காதில்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே தொண்டை இறுகியிருந்தது. தொண்டை முதலில், காது பிறகு.

மறுநாள் தொண்டைக்கு முன்னால் ஒன்று இருப்பதைப் பார்த்தாள். கால். ஓர் அடி எடுத்து வைக்கப் போய் வைக்காமல் நின்றுவிடுகிற கால்.

அந்தக் காலை அவளுக்குத் தெரியும். அது காளியாயி செத்த நாளின் கால்.

அன்றும் பனி. பக்கத்து நிரை தெரியவில்லை. "அம்மாக்கண்ணு" என்று ஒரு தரம் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு தரம் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. பேய் ஒரு தரம்தான் கூப்பிடும். மனுசர் மறுபடி கூப்பிடுவார்கள். மலையில் இது தெரியாதவர்கள் இல்லை. அம்மாக்கண்ணு இரண்டாவது குரலுக்காக நின்றாள். வரவில்லை. பனி விலகியபோது விளிம்பில் மண் சரிந்திருந்தது. ஒரு செடியின் வேர் வெளியே தொங்கியது. அதைப் பிடித்திருந்த காளியாயி கீழே பாறைமேல் கிடந்தாள்.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. "ஒரு தரம் கூப்பிட்டா யாருதான் அக்கா ஓய்னு பதில் சொல்லுவா?" என்றாள் மேல் நிரை மீனம்மா. இழவு வீட்டில் செல்லசாமியே அதைச் சொன்னான்.

வியாழக்கிழமை பனி கனத்து வந்தது. கால் தயங்கியது. தொண்டை இறுகியது. அவள் இன்னும் உள்ளே பார்த்தாள். கூப்பிட்ட குரலுக்கும் பதில் சொல்லக் கூடாது என்ற நினைப்புக்கும் நடுவே ஓர் இடம் இருந்தது. மிகச் சிறியது. அங்கே வேறொரு நினைப்பு உட்கார்ந்திருந்தது.

கூப்பிடட்டும்.

காளியாயி செத்த அன்று காலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் உரக்கச் சொல்லியிருந்தாள்: "கங்காணியாரே, அம்மாக்கண்ணு கூடையப் பிழிஞ்சுட்டு நிறுங்க. பாதி தண்ணி, பாதி முத்தல்." விளையாட்டுக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாக்கண்ணுவும் சிரித்தாள். வாய் மட்டும் சிரித்தது.

கூப்பிடட்டும். அது காளியாயியின் குரல் என்று காதுக்குத் தெரிந்திருந்தது. வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்து அந்த நினைப்பின்மேல் படுத்துக்கொண்டது.

கிள்ளும் சத்தம் நிற்கவில்லை. அவள் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தினாள். அவளுடைய இடது கை கிள்ளிக்கொண்டிருந்தது. விளிம்பு நிரைப் பக்கத்துக் கை. கிள்ளிய இலையைக் கூடையில் போடவில்லை. மண்ணில் போட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது மரத்தடியில் லயமே நின்றது. சாம்பிராணி புகைந்தது. அம்மாக்கண்ணுவைத் தலைவிரித்து உட்காரவைத்தார்கள். செல்லசாமி பின்வரிசையில் நின்றான். மகளை அழைத்துவரவில்லை.

மாயாண்டி உடுக்கையை மெதுவாகத் தட்டினான்.

"பாத்தியா? எது வழியா வந்துச்சு?"

"எது வழியாவும் வரல. உள்ளதான் இருந்துச்சு."

கூட்டம் அசைந்தது. உடுக்கை வேகம் கொண்டது.

"உள்ள இருக்கறது யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா? பேரச் சொல்லு!"

அவள் செல்லசாமியைத் தேடினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாக்கண்ணு."

உடுக்கை நின்றது.

"அவ பேரு ஊருக்கே தெரியும். ஒன் பேரச் சொல்லு."

"அம்மாக்கண்ணுதான். அவ கூப்பிட்டா. அவதான்னு எனக்குத் தெரியும். கூப்பிடட்டும்னு நெனச்சேன். வழக்கமெல்லாம் பொறகுதான் வந்துச்சு. கிள்ளுனதும் என் கைதான். அவள விட்ருங்க."



"பாத்தீங்களா, எப்படிப் பேசுது!" என்றார் பழனியாண்டி.

"கள்ளப் பேயி" என்றாள் மீனம்மா. "ஏறுன ஒடம்போட பேரையே சொல்லுது. அம்மாக்கண்ணு அக்கா இப்படியா பேசுவாங்க?"

மூக்கன் அழுதான். "அவள விட்டுப் போயிரு தாயே. ஒனக்குச் சேவல் அறுக்கிறேன்."

மாயாண்டி அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தான். கண் தெளிவாக இருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். சொல்லவில்லை.

"சொன்ன பேருக்குத்தான் ஆணி" என்றான்.

மயிர் அறுபட்டது. அம்மாக்கண்ணு என்று மரத்திடம் சொல்லி ஆணி அடித்தான். பட்டையிலிருந்து பிசின் கசிந்தது.

எல்லோரும் மரத்தைக் கும்பிட்டார்கள். செல்லசாமி கும்பிடவில்லை. அம்மாக்கண்ணுவை ஒரு தரம் பார்த்தான். திருநீறு வாங்காமல் நடந்து போனான். அதற்குப் பிறகு அவன் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. காளியாயியின் மகள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அம்மாவின் பேரைச் சத்தமாகச் சொல்லி விளையாடியது.

அம்மாக்கண்ணுவின் பேரை யாரும் சொல்லவில்லை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி "மூக்கன் பொஞ்சாதி" என்றார். மூக்கன் "இந்தா" என்றான். சின்னப் பிள்ளைகள் மறைவில் ஆணியக்கா என்றன. கூடை நிறைந்தது. கங்காணி முழுப்பேர் போட்டார், பேர் சொல்லாமல்.

விளிம்பு நிரையை மீனம்மாவுக்குக் கொடுத்தார்கள். இப்போது அங்கிருந்து கேட்டது மீனம்மா கிள்ளும் சத்தம். அம்மாக்கண்ணு அதையும் பார்த்தாள். பார்ப்பதை அவளால் நிறுத்த முடியவில்லை. சோறு தின்னும்போது பசியைப் பார்த்தாள். படுக்கையில், தூக்கத்துக்கு முன் வருவதைப் பார்த்தாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு முற்பகல் பனி ஏறி வந்தது. முதலில் ஓடை மறைந்தது. பிறகு மீனம்மா மறைந்தாள். அவள் கிள்ளுவது மட்டும் கேட்டது.

"அம்மாக்கண்ணு."

ஒரு தரம்.

உயிரோடு இருக்கிற யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள்.

கால் தயங்கியது. தொண்டை இறுகியது. பதில் சொல்லக் கூடாது என்பது வந்தது. இந்தத் தடவை நினைப்புகளில் அதுதான் முதலில் வந்தது. முன்பு 'கூப்பிடட்டும்' உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. அவள் பார்த்தாள்.

"ஓய்" என்றாள். "இங்கதான் இருக்கேன் காளியாயி."

"யாருக்குக்கா ஓய் சொல்றீங்க?" பனிக்குள்ளிருந்து மீனம்மாவின் குரல் நடுங்கியது. "அக்கா, நான் கூப்பிடல. நான் கைய நிறுத்திட்டேன்."

கிள்ளும் சத்தம் நிற்கவில்லை.

அம்மாக்கண்ணு குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். அது படங்கின்மேல் சும்மா இருந்தது.