கடலில் ஆள் இருக்கையில்

அடுப்புக்குள் இரும்புக் கம்பியைச் செருகிவிட்டு அங்கம்மா ஊதுகுழலை எடுத்தாள். "அது செவக்கறதுக்குள்ள அவள பேச வெச்சுடும்மா. இல்லாங்காட்டி உள்ள கீற பேய நான் பேச வெச்சுக்கறேன்."

எல்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து குடிசைக்குள் நுழைந்தாள்.

எண்ணூர்க் குப்பத்தின் அந்தக் குடிசைக்கு அவளை அனுப்பியவர் டாக்டரம்மா. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எல்சி அவரிடம் பேச்சு வைத்தியம் படித்துக்கொண்டிருந்தாள். மருந்து கிடையாது, ஊசி கிடையாது; உட்கார்ந்து கேட்பதுதான் வைத்தியம். புத்தி சொல்லாதே. அழாதே என்று தேற்றாதே. அவர்கள் சொன்னதையே மெல்லத் திருப்பிச் சொல். உன் சொந்தக் கதையை எடுத்து விடாதே. கேட்டதை வெளியே விடாதே. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படித்தபோது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

அங்கம்மாவின் மகன் குமாரவேல் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அன்றிலிருந்து மருமகள் மங்கை வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். அப்புறம் பேயோட்டுகிறவனிடம் போய்விட்டார்கள். சூடு வைக்கச் சொன்னவன் அவன்தான். கடலில் ஆள் இருக்கையில் வீட்டுப் பெண் தலை வாரக்கூடாது, பூ வைக்கக்கூடாது. ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குற்றம் அவளுடையது. காற்று தப்புச் செய்யாது, கடலும் செய்யாது. செய்வதெல்லாம் கரையில் இருக்கிறவள்தான். நல்ல நியாயம்.

எல்சி ராயபுரத்துக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவள் மாமியார் வீட்டிலும் இதே சட்டம்தான். விடியலில் அவள் புருஷன் அம்புரோஸ் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். அவளும் வாராத தலையை அள்ளி முடிந்துகொண்டு வந்திருந்தாள். யாராவது கேட்டால் நேரமில்லை என்பாள். உள்ளுக்குள் பயம்.

சுவரோரம் சுருண்டிருந்த மங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெளியே ஊதுகுழல் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. ஏதாவது கேள், சீக்கிரம் கேள் என்று மனசு பிடுங்கியது. எல்சி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"பயமா கீது," என்றாள் மங்கை.

பயப்படாதே என்று சொல்ல வந்த வாயை எல்சி அடக்கினாள். "பயமா கீது," என்று திருப்பிச் சொன்னாள். அது படித்த பாடமாக இல்லை, அவளுடைய பயமாகவே வந்தது.

அப்புறம் மங்கை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பேன் அரிப்புத் தாங்காமல் அன்றைக்குத் தலை வாரினாளாம். அவ்வளவுதான். அதனால்தான் புருஷன் செத்தான் என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள்.

பேச்சுக் குரல் கேட்டதும் அங்கம்மா கந்தல் சுற்றிய கம்பியோடு வாசலில் வந்து நின்றாள். இன்னா சொன்னாள் என்று கேட்டாள். தான் சொல்லக்கூடாது என்றாள் எல்சி. அதற்குள் மங்கையே எழுந்து நின்றுவிட்டாள்.

"அன்னிக்கி தல வாரினேன் அத்தே."

அங்கம்மாவின் கை உயர்ந்தது. கம்பியின் நுனி பழுத்திருந்தது.

இந்த இடத்துக்கு டாக்டரம்மா பாடம் எதுவும் நடத்தவில்லை. எல்சி கூரையில் செருகியிருந்த மரச்சீப்பை உருவினாள், கொண்டையை அவிழ்த்தாள்.

"என் வூட்டுக்காரரு இப்போ கடல்லதான் கீறாரு," என்று சொல்லிவிட்டு வாரினாள்.

கம்பி மண்ணில் விழுந்தது. அங்கம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "வேணாம்மா. அது யார் பெத்த புள்ளயோ. அவன் இன்னா பாவம் பண்ணான்?"

"இவ இன்னா பாவம் பண்ணா?"

அங்கம்மா பிடித்த கையை விட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கம்பி கிடந்த இடத்திலேயே கறுத்தது. மங்கை முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். அழாதே என்று எல்சி சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வாரிய தன் தலையைப் பின்னி முடித்தாள்.

ரயிலடிக்குப் போகும்போது அவள் கடல் பக்கம் திரும்பவே இல்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் நடையை எட்டிப் போட்டாள். மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. போட்ட பின்னலை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை.