கூடாரத்துக்கு ஒரு கில்ட்

ஒரு கில்ட் வாங்குவதற்குக் கிருபன் மூன்று கிழமை எடுத்தான். கலியாணத்துக்குப் பெண் பார்த்திருந்தாலும் இவ்வளவு யோசித்திருக்கமாட்டான்.

இத்தாலியின் பலேர்மோவில், கூடாரமும் முதுகுப்பையும் மலையேறுகிற சப்பாத்தும் விற்கும் கடை ஒன்றில் அவனுக்கு வேலை. நாலு வருடம் பின்னறையில் பெட்டி தூக்கினான். இந்தச் சித்திரையில்தான் முதலாளி அவனை முன்னுக்குக் கூப்பிட்டு, கடையின் பெயர் போட்ட பச்சை ரீசேட்டைக் கொடுத்து, வாடிக்கையாளரோடு கதைக்க விட்டார். மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் கோப்பை கழுவியவன், சிஞ்ஞோரா என்று கூப்பிடும் எசமானியம்மாமாரின் வீடுகளில் நிலம் துடைத்தவன், இப்போது முன்மேசைக்காரன். அதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பெருமை எப்போது பறிபோகுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

முன்மேசையில் அவனோடு நிற்பவர்கள் தாவிதே, எமிலியானா என்ற இரண்டு இளம் ஆட்கள். ஒவ்வொரு ஆவணியும் மூன்று நாள் கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். இந்த முறை கிருபனையும் வரச் சொன்னார்கள். பதினொரு வருடத்தில் ஓர் இத்தாலியன் அவனை வேலைக்கல்லாமல் வேறொன்றுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முகாமில் தாவிதே கில்ட்தான் உடுப்பான், ஸ்கொட்லாந்துக்காரர் இடுப்பில் சுற்றுகிற அந்த மடிப்பு உடுப்பு. காற்சட்டை வெயிலில் அவிக்கும், இது காற்றோட்டமாக இருக்கும், கடலால் ஏறினால் இதைச் சுற்றிக்கொண்டே உள்ளே ஈர உடுப்பை மாற்றலாம் என்று படத்தைக் காட்டி விளக்கினான். கிருபன் புதினம் கேட்பவன் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அட, இவனுக்குத் தெரியாத வித்தையா? இடுப்பில் கட்டிய சாரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே காற்சட்டை மாற்றாத ஆண்பிள்ளை முல்லைத்தீவில் உண்டா? ஆனால் வாய் திறந்து ஒரு சொல் சொன்னானா என்றால், இல்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பலேர்மோவுக்கு வந்த புதிதில் ஒருநாள் சாரத்தோடு குப்பை போடப் படியிறங்கினான். கீழ்வீட்டு வாசலில் நின்ற பெடியள் 'கொன்னா, கொன்னா' என்று கத்திச் சிரித்தார்கள். பாவாடை என்று அர்த்தம். குப்பைப் பையையும் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்தவன், அன்றோடு சாரத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தான். சின்ன விசயம். சின்ன விசயம் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் நினைத்தால் இன்றைக்கும் காது சுடும்.

கில்ட் அப்படியா? கில்டுக்கு விலைச்சீட்டு இருந்தது. பட்டியலில் படம் இருந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் அதை உடுத்துக்கொண்டு மலை உச்சியில் நின்றான். அவனைப் பார்த்து எந்தப் பெடியன் சிரிப்பான்?

ஆகவே கிருபன் தேடத் தொடங்கினான். முதலில் கையில் எடுத்தது கட்டம் போட்ட கம்பளி. தூக்கவே பாரம். சிசிலி வெயிலில் இடுப்பு வெந்துவிடும், நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது. வைத்துவிட்டான். அடுத்தது தோல்வாரும் கொளுவியும் வைத்தது, அவசரத்துக்குக் கழற்ற வராது. அப்படி என்ன அவசரம் என்று எமிலியானா கேட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு கிழமை ஒன்றுமே பிடிக்கவில்லை. கடைசியில் வந்தது, பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்த கடும்பச்சைத் துணி. முன்பக்கம் தட்டை, பின்பக்கம் ஆழமான மடிப்பு. கல்லில் இருந்தாலும் குத்தாது, அடுப்படியில் குந்தினாலும் தொங்கி நெருப்புப் பிடிக்காது. இரண்டு பக்கமும் மூடி வைத்த பெரிய பைகள், கத்தியும் ரோர்ச்சும் வைக்கலாம். இடுப்பில் அழுத்திப் பூட்டுகிற பொத்தான்கள், வயிறு முட்டச் சாப்பிட்டால் ஒன்றைத் தளர்த்தலாம். சாரம் உடுத்து வளர்ந்தவனுக்குத்தான் இதெல்லாம் ஒரே பார்வையில் பிடிபடும்.

நீளம் பார்ப்பதற்கு முழங்காலில் நிற்க வேண்டும். துணியின் விளிம்பு நிலத்தில் பட்டும் படாமலும் இருந்தால் அளவு சரி. பின்னறையில் கிருபன் முழங்காலில் நின்றான், எமிலியானா குனிந்து பார்த்து, உனக்கென்றே தைத்தது என்றாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அந்த ஞாயிறு அக்கா விஜிதா போன் எடுத்தாள். அத்தான் ஞானசேகரம் வேலை செய்கிற வீட்டுக்காரர் வெளியூர் போவதால் நாலு நாள் லீவாம். ஆறு வயது மகள் டிலக்ஷி, கூடாரத்தில் படுக்க வேண்டுமென்று உயிரை எடுக்கிறாளாம். தம்பியும் வரவேண்டுமாம். கடையில் தனக்கு லீவு இல்லை என்றான் கிருபன். எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பியிருப்பான்.

இந்த அத்தான் லேசுப்பட்ட மனிதரல்ல. கிருபனைப் பலேர்மோவுக்கு எடுப்பித்தவர் அவர்தான். தன் ஒற்றை அறை வீட்டில் இரண்டு வருடம் அவனையும் வைத்துப் பார்த்தவர். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுப்பதற்காகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் ஐந்து தரம் அவனோடு வரிசையில் நின்றவர். அதையெல்லாம் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிக்காட்டாதவர்.

முகாம் ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலை ஒட்டி. முதல் நாள் கிருபன் ராசாதான். கில்டோடு நடந்தான், கில்டோடு மீன் சுட்டான், கில்டோடு படம் எடுத்து எடுத்துப் பார்த்தான். பக்கத்துக் கூடாரத்துச் சிஞ்ஞோரா ஒருத்தி, நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலை கோப்பி குடிக்க இருந்தபோது, பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மஞ்சள் கூடாரம் முளைத்திருந்தது. கிருபன் கோப்பியைக் கீழே வைத்தான். போன மாதம் கழிவு விலைக்கு அவனே அக்காவுக்கு எடுத்துக் கொடுத்த கூடாரம். அதற்குள் தண்ணீர்க் குழாய்ப் பக்கமிருந்து அத்தான் வந்துகொண்டிருந்தார். மேலே பெனியன், கீழே நீலக் கட்டம் போட்ட சாரம், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியபடி. கையில் ஒரு சட்டி தண்ணீர்.

தாவிதே கண்டுவிட்டான். அந்த ஆளும் கில்ட் போலவே ஏதோ உடுத்திருக்கிறார், பார்க்க எங்களுடையதைவிட வசதியாக இருக்கிறது, உன் ஊர்க்காரரா என்று கேட்டான். கேலி ஒரு துளி இல்லை. ஆனால் கிருபனின் காதில் கேட்டது கீழ்வீட்டுப் பெடியளின் சிரிப்பு.

"தெரியாது," என்றான் இத்தாலிய மொழியில். "பங்களாதேஷ்காரனாக இருக்கும்."

அத்தான் ஐந்தடி தூரத்தில் நின்றார். அவருக்கு இத்தாலிய மொழி கிருபனைவிட நன்றாகத் தெரியும். கால் ஒருகணம் தயங்கியது, சட்டித் தண்ணீர் தளும்பிச் சாரத்தில் கொட்டியது.

தாவிதே ஊர் உலகத்தோடெல்லாம் கதைக்கிறவன். சும்மா இருப்பானா, அவரைக் கூப்பிட்டான். அத்தான் வந்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கேட்டதுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பொத்தான் இல்லை, வார் இல்லை, இப்படிச் சுற்றி இப்படிச் செருகினால் போதும். நீட்டி விட்டால் போர்வை, தோளில் போட்டால் துவாய். தாவிதே துணியைத் தொட்டுப் பார்த்து, இதை எங்கே வாங்கலாம் என்று கேட்டான். இத்தனை வருடம் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்ததை இவன் விலை கேட்கிறானே என்று கிருபன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம், பாவி.

எமிலியானா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்கள் ஒரே நாட்டுக்காரர் இல்லையா, உண்மையாகவே தெரியாதா என்று கேட்டாள்.

அத்தான் கிருபனைப் பார்த்தார். கிருபன் தன் கில்டின் விளிம்பைப் பார்த்தான்.

"இல்லை, சிஞ்ஞோரா. இவரை நான் கண்டதில்லை," என்றார் அத்தான். பிறகு கிருபனுக்கு லேசாகத் தலை சாய்த்தார். "உங்களுடையதும் நல்ல வடிவாக இருக்கிறது, சிஞ்ஞோரே."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பான். சிஞ்ஞோரே, ஐயா என்று. தன் கோப்பையில் சோறு போட்டுக் கொடுத்த மனிதர், அவன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவனை மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுச் சட்டியை எடுக்கக் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து டிலக்ஷி ஓடி வந்தாள். "மாமா! மாமா!"

கிருபனின் காலைக் கட்டிப்பிடிக்க இரண்டடி இருக்கும்போது அத்தான் அவளை வாரித் தூக்கினார். பிள்ளை ஆளை மாறிப் பிடித்துவிட்டாள், மன்னியுங்கள் என்று இத்தாலிய மொழியில் மற்றவர்களிடம் சொன்னார். பிறகு அவள் காதோடு தமிழில் சொன்னார்.

"அது மாமா இல்லையம்மா. ஆரோ ஒரு சிஞ்ஞோரே."

"மாமாதான் அப்பா."

"இல்லையெண்டு சொல்லுறன்."

தகப்பனின் தோளுக்கு மேலால் அவள் கிருபனையே பார்த்துக்கொண்டு போனாள். கூடார வாசலில் விஜிதா நின்றாள். தம்பியைக் கண்டாள், கில்டைக் கண்டாள். உள்ளே போய், கூடாரத்தின் சிப்பை மேலிருந்து கீழே இழுத்து மூடினாள்.

அன்று பகல் முழுக்கக் கிருபன் கடலில் இறங்கவில்லை, ஒரு வாய் சாப்பிடவில்லை. தாவிதே துவாய் ஒன்றை இடுப்பில் சுற்றி, அத்தான் காட்டியபடி செருகப் பழகிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க வெட்கம் கிருபனைப் பிடுங்கித் தின்றது. சீ, நானும் ஒரு மனிசனா என்று தன்னையே திட்டினான். பின்னேரம் நாலு மணிபோல எழுந்து, அந்த மனிதர் என் அக்காவின் கணவர், என்னை இங்கே கொண்டுவந்து ஆளாக்கியவர் என்று இருவரிடமும் சொன்னான். பிறகு ஏன் தெரியாதென்றாய் என்று தாவிதே கேட்டான். கிருபன் பாதையைக் கடந்து போனான்.

அத்தான் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அத்தான்," என்று உரக்கவே கூப்பிட்டான்.

அவர் திடுக்கிட்டு எழுந்து, அவனைத் தாண்டி அவனுடைய கூடாரப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மெதுவாக் கதை, கிருபன். அவையளுக்குக் கேட்டிடும்."

"அவைக்குச் சொல்லிப்போட்டன் அத்தான்."

"ஏன் சொன்னனீ? இனி அங்கை உனக்குத்தான் கரைச்சல்," என்றார். அவ்வளவுதான். அவனுக்காகக் கவலைப்பட்ட குரல். ஒரு அறை விட்டிருந்தால் கிருபன் அவர் காலில் விழுந்திருப்பான்.

டிலக்ஷி சற்றுத் தள்ளி மணலை வாளியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். கிருபன் அவளுக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றான்.

"பிள்ளை, மாமா வந்திருக்கிறன்," என்றான்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். தகப்பனின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். சொல்வழி கேட்கிற பிள்ளை, காலையில் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு, இத்தாலிய மொழியில் கவனமாக மாலை வணக்கம் சொன்னாள்.

"புவோனசேரா, சிஞ்ஞோரே."