வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு

மூன்றாவது சேலையையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, நான்காவதைப் பிரிக்கச் சொன்னான் சோலைமுத்து. துபாயின் தேராவில் கடைகள் திறந்து அரை மணிகூட ஆகவில்லை. கல்லாவில் இருந்த ஜுலைஹா பீவி பொறுமைக்காரிதான். இருந்தாலும் ஆண்பிள்ளை ஒருவன் தனியாக வந்து இத்தனை சேலையைக் கலைத்துப் போட்டால் யாருக்குமே கேட்கத்தான் தோன்றும்.

"வீட்டுக்காரம்மாவுக்கா தம்பி? அவங்க என்ன நெறம்னு சொல்லுங்க, நானே எடுத்துத் தாரேன்."

"அக்காவுக்கு."

"விசேஷமா?"

"கோடி எடுக்கணும்மா. மச்சான் தவறிட்டாரு."

ஜுலைஹா பீவி பிரித்த சேலையை அப்படியே மடித்தாள். ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரி. அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைத் தன் கையால் அவள் தோளில் போட வேண்டும். அது நடக்காமல் பிணத்தை எடுக்க விடமாட்டார்கள். நாகவள்ளிக்குக் கூடப்பிறந்தவன் சோலைமுத்து ஒருவன்தான். சவப்பெட்டியோடு மதுரையில் இறங்கும்போது இரவு பதினொன்று ஆகிவிடும், ஊர் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும். அந்நேரத்துக்கு எந்தக் கடையைத் தட்டுவது? அதனால்தான் இங்கேயே எடுத்துவிட வந்தான்.

வந்தவன் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே. கிளம்பத்தான் பயமாக இருந்தது. பதினொரு மணிக்கு, அவன் வேலை பார்க்கும் அல் கூஸ் ஒர்க்‌ஷாப்புக்கு மச்சானோடு கவிழ்ந்த அந்த வண்டி வருகிறது. போலீஸ் பார்த்து முடித்து விட்டுவிட்டார்கள். அதன் அடியில் படுத்துப் பார்த்தால், மச்சானைக் கொன்றது தான்தானா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்தக் கையால்தான் நாளைக்குக் கோடியைப் போட வேண்டும்.

"இத எடுத்துட்டுப் போங்க. கண்ண உறுத்தாது" என்று ஜுலைஹா பீவியே ஒரு பாசிப்பச்சைச் சேலையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவன் சரி என்று வாங்கிக்கொண்டான்.

மச்சான் கார்மேகம் துபாய்க்கு வந்து பத்தொன்பது வருஷம். மச்சினனை எட்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டிவந்து, தான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலேயே சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஏழு மாசமாக இருவரும் கட்டிக்கொண்டு அழுதது ஒரே ஒரு வண்டியோடு. அறுபத்தொன்பது மாடல் அமெரிக்க வண்டி, இரண்டே கதவு, நீளமான மூக்கு. அரபி ஒருவரின் அப்பா வாங்கியது. மகனுக்கு வெளி உருவம் துளியும் மாறக் கூடாது, ஓட்டம் மட்டும் இந்தக் காலத்து வண்டி போல இருக்க வேண்டும். லேசான ஆசையா அது? பழைய எஞ்சினை இறக்கிவிட்டுப் புது வி-எட்டு ஏற்றினார்கள். ஆறு கியர் பெட்டி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பின்னால் இருந்த பட்டை ஸ்பிரிங்கைத் தூக்கிக் கடாசிவிட்டு, பின் அச்சை நான்கு இரும்புக் கைகளால் பிடித்து நிறுத்திக் காயில் ஸ்பிரிங் வைத்தார்கள்.

ஒவ்வொரு கைக்கும் இரண்டு போல்ட், ஆக மொத்தம் எட்டு. வண்டி லிஃப்டில் தொங்கும்போது அவற்றை முறுக்கக் கூடாது. முறுக்கிவிட்டால், தரைக்கு வந்ததும் உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துபோகும். அதனால் விரலால் மட்டும் போட்டுவைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, பாரமெல்லாம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் அடியில் ஊர்ந்து போய் ரெஞ்சால் முறுக்க வேண்டும். முறுக்கியதற்கு அடையாளமாக நட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு குறி. குறி இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. இந்தத் தொழிலில் இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு சோலைமுத்து முறுக்கிக்கொண்டிருந்தான். வலது பக்கம் நாலும் ஆயிற்று. இடது பக்கம் தொடங்கியபோது போன் அடித்தது. நாகவள்ளி. கிரைண்டர் வாங்கக் கடையில் நிற்கிறாளாம், இரண்டு லிட்டரா மூன்று லிட்டரா என்று கேட்டால் அவுக போனையே எடுக்கவில்லையாம். இவன் வெளியே வந்து, "வீட்ல இருக்கிறது நீயும் ஒம் மகளும், மூணு லிட்டர்ல மாவாட்டி ஊருக்கா விக்கப்போற" என்று கேலி பேசிக்கொண்டிருந்தான். பதினொரு நிமிஷம். திரும்பி வந்தவன் எதைக் கையில் எடுத்தான்? ரெஞ்சையா, வேறு எதையாவதா? ஐந்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டும் அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

கடை அடைக்கும்போது கார்மேகம் கேட்டார், "எல்லாம் முறுக்கியாச்சா மாப்ள?"

"ஆச்சு மச்சான்."

"நீ பாத்தா சரி. நான் வேற எதுக்குப் படுத்து எந்திரிக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, சாலையில் கூட்டம் சேருமுன் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவர் தனியாகத்தான் எடுத்துப் போனார். குத்ரா சாலை வளைவில் வண்டி வால் வீசி இரண்டு முறை உருண்டது. வேகம், சாலையில் மணல் என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

ஒர்க்‌ஷாப்பை நடத்துகிற ராஜிக், சேலைப் பையோடு சோலைமுத்து வந்தபோது, மற்ற ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஒற்றை ஆளாக நின்றிருந்தார். வண்டியின் கூரை உள்ளே அமுங்கியிருந்தது. பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"ரெண்டு மணிக்கு முகத்தக் காட்டிப் பொட்டிய மூடிருவாங்க தம்பி. பைய எடுத்துட்டுக் கிளம்பு. இத எதுக்கு இப்ப பாத்துக்கிட்டு?"

"ஒரு நிமிஷம் பாய்."

அட்டையை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தான். போன் வெளிச்சத்தில் வலது பக்கம் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாவற்றிலும் மஞ்சள் குறி. இடது பக்கம் கீழ்க்கையிலும் இரண்டு குறி. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தை மேலே தூக்கினான். மேல்கையின் முன் போல்ட்டில் குறி இல்லை. நட்டு கழன்று மரையின் நுனிக்கு வந்திருந்தது. பின் போல்ட்டே இல்லை. அது இருந்த ஓட்டை அடி வாங்கி அகன்றுபோயிருந்தது.

அழுகை வரவில்லை. அடப்பாவி, ஒரு வார்த்தை, தெரியலை மச்சான், இன்னொரு தடவை பாத்துடுறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுஷன் இன்றைக்கு உயிரோடு இருப்பாரே என்று தன்னையே திட்டிக்கொண்டான். அப்படியே அதன் அடியில் கிடந்துவிடலாம் போல இருந்தது.

ராஜிக் குனிந்து பார்த்தார். அவரும் இருபத்தாறு வருஷமாக இதே தொழிலில் இருப்பவர். அவருக்கும் புரிந்துவிட்டது.

"வெளிய வா. நீயும் பாக்கல, நானும் பாக்கல. ரிப்போர்ட்டு முடிஞ்சுபோச்சு, கலாஸ்."

"போலீஸ்ல சொல்லணும் பாய்."

"சொல்லு. சொன்னா இன்னைக்கி உன்ன விமானம் ஏற விடுவாங்களா? பொட்டி மட்டும் தனியா போயி எறங்கும். அங்க ஒரு பொம்பளப் புள்ளையும் அதோட ஆத்தாளும் நிக்கிறாக. நல்லாருக்குமா?"

சோலைமுத்து எழுந்து உட்கார்ந்தான். "சரி. போயிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் இதுல கை வைக்காதீக. ஆனா அக்காட்ட இப்பவே சொல்லியாகணும்."

"பைத்தியமா ஒனக்கு? காரியமெல்லாம் முடியட்டும், பதினாறு கழியட்டும், பெறகு சொல்லு."

"கோடி போட்ட பெறகு சொல்லி என்ன பாய் பண்ண? அது என்கிட்ட வாங்க மாட்டேன்னு சொல்லணும்னா முன்னாடியே தெரியணும்ல."

ராஜிக் அதற்கு மேல் தடுக்கவில்லை. பையைத் தன் காரில் எடுத்து வைத்தார்.

முகைஸ்னாவில், பிரேதத்தைப் பதப்படுத்தி அனுப்பும் இடத்தில், முகத்தைக் காட்டினார்கள். நெற்றித் தையலை மறைத்துப் பஞ்சு வைத்திருந்தார்கள், மற்றபடி தூங்குகிறவர் முகம்தான். இவன் பெட்டியருகே நின்று, "மச்சான்" என்றான். அதற்கு மேல் என்ன சொல்வது? அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தையே பொய்யாகிவிட்டது. மூடிவிடலாமா என்று ஊழியர் இந்தியில் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். வெயில் முகத்தில் அறைந்தது. பெட்டியை ஏற்றிக்கொண்டு போக கார்கோ வேன் பின்கதவு திறந்து நின்றது. ராஜிக் தாள்களை எடுத்துக்கொண்டு ஜன்னலில் கையெழுத்துப் போடப் போனார்.

சோலைமுத்து சுவரின் ஒட்டு நிழலில் நின்று போன் போட்டான். முதலில் பெண்களின் ஒப்பாரிதான் கேட்டது.

"தம்பி, கெளம்பிட்டீகளா? அவுகள ஏத்தியாச்சா?"

"ஏத்தப்போறாக. அக்கா, கொஞ்சம் தனியா வர்றியா."

"இங்க எங்கடா தனியா. இரு, கொல்லப்பக்கம் வாரேன்."

ஒப்பாரி தேய்ந்தது. ஒரு கதவு சாத்திய சத்தம் கேட்டது.

"சொல்லு."

சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் பாதியில் நின்றுவிடும் என்று அவனுக்கே தெரியும். போல்ட்டு எட்டு, தான் முறுக்கியது ஆறு, மச்சான் கேட்டபோது ஆச்சு என்று சொன்னது, இன்றைக்குப் படுத்துப் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "வண்டி கவுந்ததுக்கு மணலும் காரணமில்ல, வேகமும் காரணமில்லக்கா. நான்தான்" என்றான்.

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். நிமிஷம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எப்ப?" என்றாள் நாகவள்ளி.

"வியாழக்கெழம."

"வியாழக்கெழம எந்நேரம்?"

அவள் எங்கே வருகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"வெளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் ஒனக்குப் போன் போட்டேனேடா. கிரைண்டரு கேட்டு. அப்ப நீ வேலையிலதான இருந்த? வண்டிக்கு அடியில கெடந்தேன்னு சொன்னியே."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அவள் ஐயோ என்று அழுவாள், இவனும் அழுவான், பாரத்தை ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொள்ளலாம். கோடியையும் வாங்கிக்கொள்வாள். தன்மேலும் பாதிப் பழி இருக்கும்போது தம்பியை அவள் எப்படித் தள்ளுவாள்? ஆனால் அதற்கப்புறம் அவள் எப்படி இருப்பாள்? பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு, தினமும் அந்தக் கிரைண்டர் முகத்தில் முழித்துக்கொண்டு?

"அது வேற வேலைக்கா. போல்ட்டெல்லாம் மத்தியானமே போட்டது. சாப்பிட்டுட்டு வந்த சோம்பல்ல விட்டுட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா. ஒம் போனுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல."

அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அழுகிறாளா, கோபமா என்று பிரித்தறிய முடியவில்லை. பேசியபோது குரல் நிதானமாக இருந்தது.

"சோம்பல்ல விட்டுட்ட."

"ஆமாக்கா."

"அப்ப நீ கோடி போட வேணாம். பெரியப்பா மகன் போடட்டும்."

"சரிக்கா."

"அவுகளத் தனியா விட்றாத. பொட்டியோட வா. எனக்கு அது போதும்."

போனை வைத்துவிட்டாள். ராஜிக் திரும்பி வந்து, என்ன சொன்னாள் என்று முகத்தைப் பார்த்தார். சோலைமுத்து, "வரச் சொல்லிருச்சு பாய்" என்று மட்டும் சொன்னான்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வேனில் ஏற்றினார்கள். பாகிஸ்தானி டிரைவர் குறுக்கே நாலு பட்டைகளைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, "யல்லா பாய்" என்று கதவைச் சாத்த வந்தார். சோலைமுத்து அவரை விலக்கிக்கொண்டு உள்ளே ஏறினான். முதல் பட்டையின் கொக்கியைப் பிடித்து, இனி அசையாது என்கிற அளவுக்கு இறுக்கினான். பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. டிரைவர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். கொஞ்சம் பொறுங்கள் என்று ராஜிக் அவர் தோளைத் தொட்டார். உள்ளே சோலைமுத்து மறுபடியும் முதல் பட்டையிலிருந்து ஆரம்பித்திருந்தான்.