பாக்கெட்டில் இருந்த பிள்ளை

ஓட்டல் லாண்டரியில் அவனுக்குப் பெயர் செக்போஸ்ட். அழுக்குத் துணி எது வந்தாலும் பாக்கெட்டில் கை விட்டுப் பார்க்காமல் மெஷினில் போடமாட்டான். பேனா, சாவி, பல்செட்டு, ஒரு தடவை கல்யாண மோதிரம் என்று அவன் கையில் சிக்காத சாமான் கிடையாது. பதினொரு வருஷத்தில் ஒரு லிப்ஸ்டிக்கூட அவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே போனதில்லை. அப்பேர்ப்பட்டவன்தான் வியாழக்கிழமை காலையில் தன் சட்டையைக் கழற்றி, பாக்கெட்டைப் பார்க்காமல் மெஷினுக்குள் எறிந்தான். பாக்கெட்டில் குழந்தை இயேசு இருந்தார்.

அவர் அங்கே வந்து சேர்ந்ததற்கு அவன் மனைவிதான் காரணம். ஏழாம் மாதத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள், வாயில் குழாயோடு கிடந்தது. குழாய் இல்லாமல் தானாக மூச்சு விட வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் குழந்தை நீலம் பாரித்துப் போக, திரும்பச் செருகினார்கள்.

தையல் போட்ட வயிற்றோடு எழுந்திருக்க முடியாமல் கிடந்த மனைவி அவனைக் கிட்டே கூப்பிட்டாள். "நம்ம வீட்டு அந்தோனியார் கையில இருக்கிற பிள்ளையைக் கழட்டி உங்ககிட்ட வச்சுக்குங்க. எங்க பிள்ளையக் குடுங்க, உங்க பிள்ளையத் திருப்பித் தர்றோம்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். அவள் அம்மா வீட்டில் பெரிய கஷ்டம் வந்தால் அப்படித்தான் செய்வார்களாம்.

அவனோ ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கோயில் வாசலோடு நின்றுவிட்டு வருகிற ஆள். புனிதரிடமே ஆள் கடத்தலா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான். வீட்டில் ஒரு முழ உயரத்தில் பிளாஸ்டர் அந்தோனியார் சிலை. அவர் மடித்த கையில், ஒரு சின்ன ஆணியில் செருகி நின்ற பிள்ளை இயேசு விரல் நீளம்தான். ஆணியோடு பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். முதல் நாள் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் நாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள், இந்தப் பிள்ளை என்னிடம் இருக்கும்வரை அந்தப் பிள்ளை பெட்டிக்குள் உயிரோடு இருக்கும் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது.

வியாழக்கிழமை பிளீச்சிங் தண்ணீர் சட்டையில் தெறித்தது. கழற்றுகிறபோதே போன் அடித்தது. குழந்தைக்கு மூச்சு தடுமாறுகிறது, உடனே வாருங்கள் என்றார் நர்ஸ். கையில் இருந்ததை டவல் குவியலோடு மெஷினில் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டு, கொடியில் கிடந்த வேறு சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

அவன் போய்ச் சேருவதற்குள் மூச்சு சீராகிவிட்டது. அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தான். பாக்கெட் காலி.

"பிள்ளை பத்திரமா இருக்கா?" என்று மனைவி கேட்டாள். எந்தப் பிள்ளையைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். இருக்கு என்று சொல்லிவிட்டான்.

லாண்டரிக்குத் திரும்பி மெஷினின் வடிகட்டியைக் கழற்றினான். நாற்பது நிமிஷம் கொதிக்கிற தண்ணீரில் உருண்ட பிளாஸ்டர் என்னவாகும்? நூலும் பஞ்சுமாய்க் கொஞ்சம் வெள்ளைக் களி இருந்தது. அதற்குள் ஆணி. இஸ்திரி போடும் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவரே அந்தோனியார்தானே, அவரிடமே கேட்டுப் பார் என்றாள்.

"அவர் பிள்ளையைத் தொலைச்சுட்டு அவர்கிட்டயே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது, அக்கா?"

அக்கா அதே தலையணை உறையைத் திரும்பவும் தேய்த்தாள்.

கணக்கு அவனுக்குத் தெளிவாகவே தெரிந்தது. அவர் பிள்ளை போய்விட்டது. இனி அவர் சும்மா இருப்பாரா? சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மனைவி கையை நீட்டினாள். ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன், கொடுங்கள் என்றாள். அதற்கு மேல் அவனால் புளுக முடியவில்லை. உள்ளங்கையில் ஆணியை வைத்து எல்லாவற்றையும் சொன்னான். கத்துவாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம்தான்.

"இனிமே அவருக்குத் திருப்பிக் குடுக்க நம்மகிட்ட ஒண்ணுமில்ல" என்றாள் கடைசியில். "சும்மாதான் கேக்கணும். வாங்க, உக்காருங்க."

இருவருமாக அருள் நிறைந்த மரியே ஜெபத்தைப் பத்துத் தடவை சொன்னார்கள். எங்கள் மரண வேளையிலும் என்ற இடத்தில் அவன் நிறுத்திக்கொண்டான். பத்துத் தடவையும் அந்த வார்த்தையை அவள் மட்டும் சொன்னாள். அவன் ஆமென் மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை காலை மூன்றாம் தடவையாகக் குழாயை எடுத்தார்கள். மத்தியானம் வரை நீலம் பாரிக்கவில்லை. ஆனாலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நர்ஸ் அவனைக் கூப்பிட்டு, அம்மாவுக்குத் தையல் ஆறவில்லை, அதனால் அப்பா சட்டையைத் திறந்து குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம் என்றார். அவன் பழக்கதோஷத்தில் முதலில் பாக்கெட்டைத் தடவினான்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல, சிஸ்டர்."

குழந்தையை வைத்தார்கள். கனமே இல்லை. சூடு மட்டும் இருந்தது. இடது கையை மடித்து அதன் அடியில் கொடுத்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தான். வந்தது. அரை மணி நேரத்தில் கை மரத்துப் போனது. அசைக்கப் பயமாக இருந்தது. வீட்டு அலமாரியில் மடித்த கையோடு வெறுமனே நிற்கிறவர் நினைவுக்கு வந்தார். முதல் முறையாக அவரிடம் அவனே வாய் திறந்தான்.

"உங்க பிள்ளையைத் தொலைச்சவன்தான் கேக்கறேன், அந்தோனியாரே. இதைத் திருப்பிக் கேட்டுடாதீங்க."