துண்டுக்குள் ஒரு குதிரை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் காய்ச்சலில் கிடைத்தது. மூன்று நாள் கஞ்சியும் கட்டிலுமாகக் கிடந்தபோது, தமிழில் டப்பிங் செய்த ஒரு பழைய கௌபாய் தொடரைப் பார்த்தேன். 1956இல் எடுத்ததாம். அதில் ஒரு பகுதி. 1856ஆம் வருஷத்து ஷெரீப் ஒருவர், தன் கல்யாணத்தன்று, புழுதிக் காற்றுக்குப் பயந்து குதிரையோடு ஒரு மலை இடுக்கில் நுழைகிறார். மறுபக்கம் வந்தால் நூறு வருஷம் கழிந்திருக்கிறது. பொழுது சாய்வதற்குள் திரும்பாவிட்டால் இடுக்கு மூடிக்கொள்ளும். அவர் விட்டுவந்த 1856இல், தேவாலய வாசலில் மணப்பெண் நிற்கிறாள். அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்காலம் என்றால் அமெரிக்காவில்தான் வர வேண்டுமா? எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் என்று எவ்வளவு பெரிய இடுக்கு சும்மா கிடக்கிறது!

2

முதல் வரி: "வாளையாற்று மலைகளின்மேல் கதிரவன் தன் பொற்கரங்களை—"

(இல்லை. காய்ச்சல் இன்னும் விடவில்லை.)

மறுபடியும்: "1956 அக்டோபர் 31. ஷெரீப் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குள் குதிரையோடு நுழைந்தார்."

இது போதும். தேதியை வேண்டுமென்றேதான் வைத்தேன். இது எந்த ராஜ்ஜியம் என்று அவர் கேட்பார் அல்லவா? கேட்டார். மாட்டுத் தரகர் பரீது ராவுத்தர் பதில் சொன்னார்.

"இன்னிக்குத் திருக்கொச்சிங்க. நாளைக்குக் கேரளமாமுங்க. மாட்டுக்கு ரண்டும் ஒண்ணுதானுங்க."*

* ஷெரீபுக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: டப்பிங். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் வரும். சந்தையில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. பல்வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

3

இங்கேதான் கதை என் கையை விட்டுப் போனது.

மேற்கொண்டு விசாரிக்க ஷெரீப் குதிரையை விட்டு இறங்கினார். சந்தைக்குக் குதிரையோடு வந்தவர் விற்கத்தானே வந்திருப்பார்? பரீது தன் கைமேல் துண்டைப் போட்டு நீட்டினார். எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள்; பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. ஷெரீபோ நீட்டிய கையைக் குலுக்கத் தெரிந்தவர், மரியாதைக்காரர். உள்ளே கையை விட்டு, ஐந்து விரலையும் அழுத்திப் பிடித்து, மூன்று தரம் குலுக்கினார்.

விலை படிந்துவிட்டது.

பரீது கயிற்றை வாங்கிச் செங்கோட்டையன் கையில் கொடுத்தார். (செங்கோட்டையன், கொழிஞ்சாம்பாறை விவசாயி. மூன்று மாதத்துக்கு முன்னால் ஆசையாகக் குதிரை வண்டி வாங்கியவர். குதிரைதான் அமையவில்லை. ஊரே சிரிக்கிறது.)

விஷயம் புரிந்ததும் ஷெரீபின் வலக்கை இடுப்புத் துப்பாக்கியை நோக்கி—

வேண்டாம். அந்த வரியை அடித்துவிட்டேன். துப்பாக்கி சுட்டால் மாடுகள் மிரளும். அதற்கப்புறம் மாட்டைத் தேடும் கதையாகிவிடும்.

4

முடிவு (அ). செங்கோட்டையன் மனமிரங்கிக் குதிரையைத் திருப்பித் தருகிறார். எழுதியும் விட்டேன். ஆள் சம்மதிக்கவில்லை. "கண்ணாலம்னு கேட்டாப் பாவமாத்தானுங்க இருக்குது. ஆனா என்ற வண்டியில கோழி அடைகாக்குதுங்களே."

முடிவு (ஆ). ஷெரீப் இங்கேயே தங்கி, மறையூர்ப் பக்கம் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சி—

முடியவில்லை. வாசலில் நிற்கிறவளை என்ன செய்வது? படம் எடுத்த நாளிலிருந்து ஒரு வசனமும் இல்லாமல் நிற்கிறாள்.

முடிவு (இ). பரீது வியாபாரத்தை ரத்து செய்கிறார். இதைக் கேட்க அவரிடம் நானே போனேன். கதைக்குள் இறங்கி, சாணியை மிதித்துக்கொண்டு.

"என்ற துண்டுக்குள்ள முடிஞ்சத நானே அவுத்தா, நாளைக்கு எவனுங்க கைய உடுவான்?" என்றார் பரீது. "வேணும்னாப் புது யாவாரம் பேசலாமுங்க. ரண்டு பேரும் கைய உடட்டும்."

5

பொழுது பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது. துண்டு விரிந்தது. இரண்டு கைகளும் உள்ளே போயின. குதிரைக்குப் பதிலாக ஷெரீப் எதைத் தருகிறார்? தொப்பியையா? மார்பிலிருந்த நட்சத்திரத்தையா? எட்டிப் பார்த்தேன். பரீது துண்டை இழுத்து மூடினார். இந்த ஆளைப் படைத்தவன் நான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஷெரீபின் வாய் அசைந்தது. பேச்சு வரவில்லை. டப்பிங்காரர்கள் விட்டுவிட்ட ஒரு பெண் பெயர் என்று நினைக்கிறேன்.

செங்கோட்டையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையை உருவிக்கொண்டார். "எனக்கு வெரல் ஓடலீங்க. மூணாவது மனுசர் ஒருத்தர் புடிக்கட்டும். நான் ஒத்துக்கறனுங்க."

நான் ஆவலோடு கையை நீட்டினேன். பரீது தட்டிவிட்டார். "நீங்க வேண்டாமுங்க. நீங்க அந்தக் கண்ணாலப் புள்ளை பக்கம்."

சொல்லிவிட்டு, படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பக்கம் திரும்பித் துண்டை நீட்டுகிறார்.

கையை உள்ளே விடுங்கள். ஒரு விரலைப் பிடித்தால் குதிரை ஷெரீபுக்கு. இரண்டைப் பிடித்தால் வண்டிக்கு. யாரும் பார்க்க மாட்டார்கள், நானும்தான். பிடித்த விரலை மாற்ற முடியாது. மரியாதைக்கென்று குலுக்கிவிடாதீர்கள், குதிரை உங்கள் தலையில் விழும்.

சீக்கிரம் பிடியுங்கள். அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.