மூன்றாம் மாடிப் பலகை

ஸ்டுட்கார்ட்டின் கிழக்குச் சரிவில் நிற்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மரப்பலகை உண்டு. ‘பெருக்கும் வாரம்’ என்று அதில் எழுதியிருக்கும். அது எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வீட்டார், தங்கள் தளத்திலிருந்து அடுத்த கீழ்த்தளம் வரையுள்ள பதினெட்டுப் படிகளையும் சனிக்கிழமைக்குள் பெருக்கித் துடைத்தாக வேண்டும். மற்ற தளங்களில் பலகை வாரத்துக்கு ஒரு கதவென்று ஒழுங்காக இடம் மாறியது. மூன்றாம் மாடியில் மட்டும் அதை நகர்த்துபவன் கொலைகாரன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டு ஹேகெலே கதவைத் தட்டியபோது தொடங்கியது அது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கதவைத் திறந்த குட்ரூன் கணக்கு ஆசிரியை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது, வீட்டில் வேறு யாரும் இல்லை.

“டீச்சர், என் டிவி கெட்டுப்போச்சு. எட்டே கால் ஆகப் போகுது.”

ஞாயிறு எட்டே காலுக்குத் துப்பறியும் படம். அந்த நாட்டில் பாதிப் பேருக்கு வாரம் அதோடுதான் முடியும். குட்ரூன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எட்டே முக்காலுக்கு அவர் திரையைப் பார்த்தபடியே, “டாக்டர்தான் கொன்னுருக்கான்” என்றார்.

“இல்ல. தங்கச்சி.”

“பந்தயமா?”

“என்ன பந்தயம்?”

அவர் கட்டைவிரலால் தன் தோளுக்குப் பின்னால், வாசல் பக்கம் காட்டினார். பலகை அப்போது குட்ரூனின் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. கொன்றவள் தங்கைதான். மறுநாள் காலை அவரே வந்து பலகையைக் கழற்றித் தன் கதவில் மாட்டிக்கொண்டார்.

அதன்பின் விதிகள் இறுகின. எட்டே முக்காலுக்கு ஆளுக்கொரு சீட்டில் கொலைகாரனின் பெயரை எழுதி, மடித்து, தம் ஒயின் கோப்பையின் அடியட்டைக்குக் கீழே வைக்க வேண்டும். படம் முடிந்த பிறகே திறக்கலாம். ஒருவர் மட்டும் சரியென்றால் பலகை மற்றவர் கதவுக்குப் போகும். இருவரும் சரி, அல்லது இருவரும் தவறு என்றால் பலகை இருந்த இடத்திலேயே இருக்கும். ஹேகெலே தன் வழிமுறையை ஒளிக்கவில்லை. “தெரிஞ்ச மூஞ்சி சின்ன வேஷத்துல வந்தா அவன்தான் ஆளு. சும்மா காபி ஊத்திக் குடுக்கவா அவனுக்கு அவ்வளவு சம்பளம்?” குட்ரூன் நடிகர்களைப் பார்க்கவில்லை. பொய் சொல்லும் மாணவனின் முகத்தை முப்பத்தாறு ஆண்டுகள் பார்த்தவள் அவள். கேட்ட கேள்விக்கு மேல் யார் ஒரு சொல் கூடுதலாகச் சொல்கிறானோ அவனைப் பிடித்துக்கொள்வாள். கதை தங்கள் ஊரிலேயே நடக்கும் வாரங்களில் ஹேகெலே கொலையை மறந்துவிடுவார். “அந்த வண்டி அந்தத் தெருவுல திரும்பவே திரும்பாது, டீச்சர். அங்க தண்டவாளமே கிடையாது!”

அவளைவிட அவர்தான் அதிகம் தோற்றார். தோற்ற ஒவ்வொரு சனிக்கிழமையும் படிகளைத் துடைத்தபடி, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அந்த வாரக் கொலைகாரனைத் திட்டுவார்.

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை திட்டும் சத்தம் கேட்கவில்லை. ரொட்டி வாங்கிக்கொண்டு மேலே ஏறிய குட்ரூன், திருப்பத்தில் நின்றுவிட்டாள். ஹேகெலே ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தார். ஈரத் துடைப்பம் அவர் முழங்கால் மேல் கிடந்து கால்சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன. மூச்சு, அடைத்த குழாயில் காற்று ஏறுவதுபோல் ஏறி இறங்கியது. அவள் சத்தமில்லாமல் இறங்கி, தெருமுனைவரை நடந்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். அதற்குள் படிகள் துடைக்கப்பட்டிருந்தன.

மறுநாள் அவள் முதல்முறையாக வேண்டுமென்றே தோற்றாள்.

செய்வது எளிதாகத்தான் இருந்தது. கொலைகாரி மாமியார் என்று தெரிந்த பிறகு, தோட்டக்காரன் என்று எழுதி அட்டைக்குக் கீழே வைத்தாள். ஹேகெலே மாமியார் என்றே எழுதியிருந்தார்; பலகை அவள் கதவுக்கு வந்தது. இனி தவறாகவே எழுதிக்கொண்டிருந்தால் போதும், அது அங்கிருந்து நகராது. ஆனால் விடையை அறிந்தும் எழுதாமல் விடுவது அவளால் ஆகிற காரியமல்ல. ஆகவே ஒயின் எடுக்கச் சமையலறைக்குப் போகும் சாக்கில் இன்னொரு சீட்டில் சரியான பெயரை எழுதி, வாழ்நாள் பழக்கப்படி மூலையில் தேதியும் இட்டு, கம்பளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஏழு வாரம் அப்படிப் போயிற்று. ஏழு சனிக்கிழமையும் அவளே துடைத்தாள்.

“என்ன டீச்சர், மூளை துருப்பிடிச்சிருச்சா?” என்று ஹேகெலே முதல் வாரங்களில் குதித்தார். பிறகு குதிப்பது குறைந்தது. ஒருமுறை சீட்டுகளைத் திறந்ததும் அவள் முகத்தையே பார்த்தார்.

ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை, அவள் படி துடைத்து முடித்து உள்ளே வந்த சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அவர் நேராகச் சமையலறைக்குப் போய் மேசைமேல் மூன்று சீட்டுகளை வரிசையாகப் பரப்பினார்.

“படியில கிடந்துச்சு. கைக்குட்டைய எடுக்கறப்ப விழுந்திருக்கும். உங்க எழுத்துதானே?”

“ஆமா.”

“டிசம்பர் எட்டு. அன்னைக்கு அட்டைக்கு அடியில ‘பாதிரியார்’னு வெச்சீங்க. இதுல ‘மருந்துக்கடைப் பொண்ணு’ன்னு இருக்கு. மருந்துக்கடைப் பொண்ணுதான் கொன்னா.” அடுத்த சீட்டின் மேல் விரலை நகர்த்தினார். “இதும் சரி. இதும் சரி. எல்லாத்துலயும் தேதி வேற. நல்ல ஒழுங்கு.”

“நீங்க படியில உக்காந்திருந்ததப் பார்த்தேன்.”

“பார்த்தீங்கல்ல? ‘ஹேகெலே, மூச்சு வாங்குதா?’ன்னு கேட்டிருக்கலாம். ஆமான்னு சொல்லியிருப்பேன். ரெண்டு திட்டு திட்டியிருப்பேன், நீங்க வாளியத் தூக்கியிருப்பீங்க. அது வேற.” அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எத்தனை பிள்ளைங்களுக்கு இப்படிக் கருணை மார்க் போட்டிருக்கீங்க?”

“ஒருத்தருக்கும் போட்டதில்ல.”

“அப்ப எனக்குத்தான் முதல் மரியாதை.” அவர் சிரிக்கவில்லை. “டாக்டர் கையத் தூக்கச் சொல்றான். தூக்கினா ‘பிரமாதம்’ங்கறான். கையத் தூக்கறதுல என்னங்க பிரமாதம்? என் பொண்ணு வந்தா சீட்டாடுறா, நல்ல சீட்டையெல்லாம் மடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டுத் தோத்துட்டுப் போறா. இந்த ஊர்லயே என்னை ஜெயிக்கணும்னு நினைச்ச ஒரே ஆளு நீங்கதான். அந்த ஆளும் போயாச்சு.”

சீட்டுகளை அங்கேயே விட்டுவிட்டு அவர் போனார்.

மறுநாள் எட்டே காலுக்கு அவர் வரவில்லை. குட்ரூன் வெண்ணெய் தடவிய உப்புப் பிரெட்ஸல் ரொட்டிகள் இரண்டைத் தட்டில் வைத்திருந்தாள். படத்தின் தொடக்க இசை ஒலித்தது. ஒரு நொடி பிந்தி, அதே இசை இரு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அப்பாலிருந்தும் கேட்டது. அவள் தன் தொலைக்காட்சியின் ஒலியை முற்றிலும் அடக்கினாள். சுவருக்கு அப்பால் இசை தொடர்ந்தது. பதினொரு ஆண்டுகளாகக் கெட்டுப்போயிருந்த பெட்டி, துல்லியமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் நெடுநேரம் ஒலியில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டே முக்காலுக்கு ஒரே ஒரு சீட்டில் ஒரே ஒரு பெயரை எழுதினாள். உதட்டசைவை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தது. அதுவும் சரியாகவே இருந்தது.

திங்கள் காலை பலகையைக் கழற்றி எதிர்க்கதவில் மாட்டும்போது, ஆணியில் அது மோதிய சத்தம் கேட்டு அவர் கதவைத் திறந்தார்.

“இது என்ன?”

“நேத்து நான் ‘கண்ணாடிக் கடைக்காரி’ன்னு எழுதினேன். சரி. நீங்க வரல.”

“வராட்டி?”

“பரீட்சைக்கு வராதவங்களுக்குப் பூஜ்யம்.”

“அது எந்தச் சட்டத்துல இருக்கு?”

“பள்ளிக்கூடச் சட்டம். உங்க டிவி நல்லாத்தான் ஓடுது போல?”

ஹேகெலேயின் காதுகள் சிவந்தன. அவர் பலகையைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் இறங்கிச் செல்லும் படிகளைப் பார்த்தார்.

“பதினெட்டுப் படி, டீச்சர்.”

“எனக்கு எண்ணத் தெரியும். வாளியப் பாதி தூரம் தூக்கித் தரட்டுமா?”

“வேண்டாம்.”

“சரி. மூலையெல்லாம் பார்ப்பேன்.”

“கொஞ்சம்கூட இரக்கம் கிடையாதா உங்களுக்கு?”

“கிடையாது” என்றாள் குட்ரூன். அப்படிச் சொல்லும்போது அவள் குரல் நடுங்காமல் இருந்தது. அதை முந்தைய இரவு முழுவதும் பழகியிருந்தாள். அவர் முகத்தில், பல வாரங்களாக அணைந்திருந்த ஏதோ ஒன்று மெல்லப் பற்றிக்கொண்டது.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாளியின் சத்தம் கேட்டது. குட்ரூன் தன் கதவுக்கு உட்புறம், காலணி அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்தாள். துடைப்பம் ஈரத்தில் இழுபடும் ஒலி. வாளி ஒரு படி இறங்கும் ஒலி. பிறகு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தமும் முன்னதைவிட நீண்டது. பதினோராவது படியில் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு நிமிடம். இரண்டு. அவள் எழுந்து கதவின் பிடியைப் பற்றினாள். இரும்பு உள்ளங்கையில் குளிர்ந்தது. திறந்தால் அவர் நிரந்தரமாகத் தோற்றவர் ஆகிவிடுவார். திறக்காவிட்டால்? அதற்கு எழுதி வைக்க ஒரு பெயர்கூட அவளிடம் இல்லை. கீழே ஓர் இருமல் கேட்டது. பின்னர் கரகரத்த குரல்: “கண்ணாடி விக்கற கழுதை! உனக்கு எதுக்குடி கொலை?” வாளி இன்னொரு படி இறங்கியது. குட்ரூன் பிடியை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் மேலே வந்து கதவைத் தட்டினார். சாம்பல் நிற முகம், வியர்வையில் ஒட்டிய முடி. அவள் இறங்கிப் போய்ப் பார்வையிட்டுத் திரும்பினாள்.

“பதினாலாவது படி. இடது மூலை.”

“போய்த் துடைக்கணுமா?”

“ஆமா.”

அவர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி மீண்டும் இறங்கினார். போகும்போது சீட்டியடிக்க முயன்றார். மூச்சு போதவில்லை; ஆனாலும் முயன்றார்.

மறுநாள் எட்டே காலுக்கு வந்தார். அன்று அவரே வென்றார். காபி ஊற்றிக் கொடுத்தவன் தெரிந்த முகம். “சொன்னேன்ல! சொன்னேன்ல!” என்று மேசையைத் தட்டியதில் ஒயின் சிந்தியது. அதன்பின் நான்கு ஞாயிறுகள் கிடைத்தன. ஒன்றில் அவள் வென்றாள், ஒன்றில் அவர், ஒன்றில் இருவரும் ஏமாந்தார்கள். கடைசி ஞாயிற்றில் அவர் மறுபடி தெரிந்த முகத்தை நம்பித் தோற்றார். பலகை அவர் கதவுக்குப் போயிற்று.

வியாழக்கிழமை பிற்பகல், தொலைபேசியை எடுக்காததால் அவர் மகள் பிரிட்டா தன் சாவியோடு வந்து திறந்தாள். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். துடைப்பமும் வாளியும் கதவருகே, இன்னும் நனையாமல் தயாராக நின்றிருந்தன. அதே சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குட்ரூனுக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை.

அடக்கத்துக்கு மறுவாரம், வீட்டைக் காலி செய்ய வந்த பிரிட்டா எதிர்க்கதவைத் தட்டினாள். உள்ளே வர மறுத்துவிட்டாள்.

“ஒண்ணு கேக்கணும். அப்பாவ அந்தப் படியெல்லாம் துடைக்க வெச்சது நீங்களா?”

“ஆமா.”

“அவர் இதயம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“அவர் தோத்திருந்தார்” என்றாள் குட்ரூன். சொன்ன பிறகு அந்த வாக்கியம் இன்னொரு மனிதரிடம் எப்படிக் கேட்கும் என்பது புரிந்தது.

பிரிட்டா கையிலிருந்த சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். “போன்ல சொன்னார். ‘பதினாலாவது படிக்குத் திருப்பி அனுப்பிட்டா’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அவர் அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு.” அவள் தலையைத் தூக்கினாள். “எனக்குத்தான் சிரிப்பு வரல. இப்பவும் வரல.”

“ஆமா” என்றாள் குட்ரூன்.

மேசை, கட்டில், கெட்டுப்போகாத அந்தத் தொலைக்காட்சி எல்லாம் இரண்டு நாளில் படி வழியே இறங்கின. சாமான் தூக்கியவர்களின் காலணிச் சேறு ஒவ்வொரு படியிலும் காய்ந்து கிடந்தது. சனிக்கிழமை வந்து போனது. அடுத்த சனிக்கிழமையும் போனது. அந்தக் கட்டடத்தின் நினைவில் எந்தப் படியும் அவ்வளவு நாள் அழுக்காக இருந்ததில்லை. இரண்டாம் மாடித் திருமதி ஷெம்ப் கடைசியில் மேலேறி வந்தாள்.

“டீச்சர், வருத்தமான நேரம்னு தெரியும். ஆனா படியப் பாருங்க. இருக்கறது இப்ப நீங்க ஒருத்தர்தான். நீங்களே துடைச்சுட்டா என்ன?”

“நான் துடைக்க முடியாது.”

“முடியலன்னா சொல்லுங்க, என் பையன அனுப்பறேன்.”

“அது இல்ல. இது அவர் வாரம்.”

திருமதி ஷெம்ப் காலி வீட்டின் கதவைப் பார்த்தாள், அதில் தொங்கிய பலகையைப் பார்த்தாள், குட்ரூனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேறு மிதிபடாதபடி ஓரமாகக் கால் வைத்து இறங்கிப் போனாள்.

காலடி ஓசை அடங்கும்வரை குட்ரூன் அங்கேயே நின்றாள். கட்டிலை இறக்கியபோது இடித்திருக்க வேண்டும், பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் எதிர்க்கதவுக்குப் போய் அதை நேராக்கினாள்.