டிஃபிகல்ட் என்றால்

ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பது சின்னவளின் வேலை. சூடேறிச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு இடையே ஈர விரிப்பின் நுனியைக் கொடுக்க வேண்டும். முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அந்தக் கம்பி பழுதாகி, பட்டாலும் நிற்காமல் ஓடத் தொடங்கியதும், சரிசெய்யாமல் கிட்டே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கும்போது உனக்கு மட்டும் என்ன கொள்ளை என்று சூப்பர்வைசரம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

மறுநாள் மேனேஜர் வந்தார். சூப்பர்வைசரம்மா இவளைக் கண்ணால் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். இவளுக்குப் பிடிபட்டது 'டிஃபிகல்ட்' ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் படித்த வார்த்தை. கஷ்டம் என்று அர்த்தம். இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடக்கும் புருஷனைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று சின்னவள் நினைத்தாள். வாய்தான் பொல்லாதது, மனசில் ஈரம் இருக்கிறது என்று தோன்றியது.

அவளிடம் போய், தன் கஷ்டத்தைப் பெரியவரிடம் எடுத்துச் சொன்னதற்கு நன்றி சொன்னாள். அந்த நெகிழ்ச்சியில் அதே இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். சூப்பர்வைசரம்மா ஒரு கணம் விழித்தாள். பிறகு மடிப்பு மேசைப் பெண்களிடம் போய் ஏதோ சொல்ல, அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் சின்னவளின் புறங்கை வெந்திருந்தது.

வீட்டில் எல்லோரும் பெரியவள் என்று கூப்பிடும் அவளுடைய ஓர்ப்படி, புருஷனின் அண்ணன் மனைவி, அடுப்படியில் நின்றிருந்தாள். ஒரு அலுவலகத்தில் டெலிபோன் எடுப்பவள். ஒரே சமையலறையில் இருவரும் முகம் கொடுத்துப் பேசி நாளாகியிருந்தது. கையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சின்னவள் நடந்ததைச் சொன்னாள். பெரியவள் அடுப்பைத் தணித்துவிட்டு, நிதானமாகத் திரும்பினாள்.

"உன்னைப் பாவம்னு சொல்லலடி அவ. கணக்கு டிஃபிகல்ட்னா கணக்கு கஷ்டம். ஆளு டிஃபிகல்ட்னா, அந்த ஆளோட மாரடிக்க முடியாதுன்னு அர்த்தம்."

பெரியவள் மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"நானே எங்க ஆஃபீஸ்ல உன்னைப் பத்தி அப்படித்தான் சொல்லுவேன்."

"தெரிஞ்சுக்கிட்டேன்க்கா" என்றாள் சின்னவள். தட்டில் போட்டிருந்த சோற்றை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கை எரிச்சலை விட, தானே தேடிப்போய் நன்றி சொன்னதுதான் அவளை உறங்கவிடவில்லை.

காலையில் சூப்பர்வைசரம்மா விரிப்புக் குவியலைக் காட்டினாள். சின்னவள் அதைத் தொடவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். பின்னாலேயே ஓடிவந்த சூப்பர்வைசரம்மா வாயைத் திறக்குமுன், கட்டுப் போட்ட கையை மேசை மேல் வைத்தாள்.

"சார், இந்தம்மா சொன்னது சரிதான். நான் டிஃபிகல்ட்தான். கம்பியைச் சரி பண்ற வரைக்கும் டிஃபிகல்ட்டாவே இருப்பேன்."

மேனேஜர் கையையே பார்த்தார். இது எப்போது நடந்தது, தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சூப்பர்வைசரம்மாவைக் கேட்டார். அவள் முகம் செத்துப்போயிற்று. இயந்திரத்தை நிறுத்தினார்கள். மெக்கானிக் வந்து கம்பியை மாற்றிவிட்டுப் போனான்.

ஆனால் வேலை மீண்டும் ஓடத் தொடங்கியபோது சின்னவளை அங்கே நிறுத்தவில்லை. கறை படிந்த துணிகளைப் பிரித்து ஊறவைக்கும் பின்னறைக்கு அனுப்பினாள் சூப்பர்வைசரம்மா. வெந்த கையோடு தண்ணீரில் கிடக்கட்டும் என்று அவள் சொன்னதாகக் காதில் விழுந்தது. சின்னவள் இன்னொரு கையால் துணிகளைப் பிரித்தாள்.

தேய்க்கும் இயந்திரத்துக்கு மடிப்பு மேசைப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். விரிப்பின் நுனியைக் கொடுக்கும்போது அவளுடைய விரல் புதுக் கம்பியில் பட்டது. இயந்திரம் சட்டென்று நின்றது. அவள் விரலை உதறிக்கொண்டாள். பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பவில்லை.